பெண்ணுக்கு ஏற்ற உடையா? உடைக்கு ஏற்ற பெண்ணா?



தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வகுப்பறையில் புத்தாடைப் பேச்சே மிகுதியாக இருக்கும். ஓர் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் தோழியிடம், "அந்த உடை எனக்குப் பொருந்தாது. எனக்குப் பேரிக்காய் உடம்பாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். மகளிர் இதழ் ஒன்றைப் பார்த்து அவளுடைய அக்காள் சொன்னாளாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் உடலைக் குறையாகப் பேசியது என் மனத்தை வருத்தியது.

பேரிக்காய், ஆப்பிள், செவ்வகம், மணற்கடிகாரம் எனப் பெண்ணுடலை வகைப்படுத்தி, "இந்தப் பருவத்தில் உங்களுக்கு ஏற்ற உடை இது" என்று அறிவுரை கூறும் பக்கங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இதன் வரலாற்றை அறிந்தால் நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல விடை கிடைக்கும்.

பருவமும் பாரிசும்

பண்டைக் காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் தங்கள் உடலுக்கு அளவெடுத்தே உடை தைத்தனர். வசதியுள்ளோர் தையற்காரரிடம் சென்றனர், ஏனையோர் வீட்டிலேயே தைத்துக்கொண்டனர். என்ன உடை வேண்டும் என்பதை உடுத்துபவரே சொல்வார். இம்முறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த். இங்கிலாந்தில் பிறந்த இவர், 1858ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தம் ஆடையகத்தைத் தொடங்கினார். தாமே உடைகளை வடிவமைத்து, பெண்களுக்கு அணிவித்துக் காட்டி, அவற்றிலிருந்து வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். பருவத்திற்கொரு தொகுப்பு என்னும் முறையும் இப்படித்தான் வேரூன்றியது. குளிரும் கோடையும் மாறிமாறி வரும் நாட்டில் அதற்குப் பொருள் உண்டு. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் நாட்டிலும் பேரங்காடிகளில் 'இலையுதிர்காலத் தொகுப்பு' விற்கப்படுவது வியப்புக்குரியதே!

அதே காலத்தில் தையல் தொழிலும் மாறியது. 1851இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1863இல் அமெரிக்கத் தையற்காரரான எபெனேசர் பட்டரிக், ஒரே உடையைப் பல அளவுகளில் வெட்டுவதற்கான காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதன் பின்னர் உடைக்கு ஓர் எண் வந்தது. அந்த எண்ணில் தன் உடல் எது என்று பெண் தேட வேண்டியதாயிற்று.

மாறிக்கொண்டே இருந்த 'அழகிய வடிவம்'

1900களின் தொடக்கத்தில், மார்பு முன்தள்ளி இடை ஒடுங்கித் தோன்றுமாறு உடலை இறுக்கிக் கட்டும் கச்சு நாகரிகமாக இருந்தது. அப்பதிற்றாண்டின் பிற்பகுதியில் பால் புவாரே என்னும் பிரெஞ்சு வடிவமைப்பாளர் அக்கச்சை நீக்கிய உடைகளைப் படைத்தார். ஆனால், சில ஆண்டுகளில் அவரே கணுக்காலருகே ஒடுங்கிய பாவாடையைப் பரப்பினார். அதை அணிந்த பெண்களால் எட்டி நடக்க இயலவில்லை. 1920களில் நேர்கோடு போன்ற உடலே அழகெனப்பட்டது. இயல்பாகவே வளைவான உடல் கொண்டவர்கள் மார்பைத் துணியால் இறுக்கி அதை மறைத்தனர்.

பின்னர் 1947 பிப்ரவரி 12 அன்று, கிறிஸ்டியன் டியோர் பாரிசில் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். மிக ஒடுங்கிய இடையும் அகன்று விரிந்த பாவாடையும் கொண்ட அதற்கு 'நியூ லுக்' என்னும் பெயர் நிலைத்தது. இங்கிலாந்தில் துணிக்கு இன்னும் பங்கீடு இருந்த காலம் அது. ஒரே உடைக்கு இத்தனை கெசத் துணியா என்று பலர் கொதித்தெழுந்தனர். எனினும் அந்த வடிவம் வென்றது. அதே டியோர் 1954இல் 'எச்' வடிவம், 1955இல் 'ஏ' வடிவம், அதே ஆண்டின் பிற்பகுதியில் 'ஒய்' வடிவம் எனப் பருவத்திற்கொரு எழுத்தை அறிவித்தார். அவர் 1957இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்த இளைஞர் ஈவ் சான் லோரான், 1958இல் இடையே தெரியாத சரிவக வடிவத்தைக் கொண்டுவந்தார். 1960களின் நடுவில் மெலிந்த சிறுமி போன்ற உருவமே முன்மாதிரியாயிற்று.

சற்றே எண்ணிப் பாருங்கள். 1927இல் இருபது வயது நிரம்பிய ஒரு பெண் நேரான உடல்வாகு கொண்டவளாக இருந்திருந்தால், அவளை ஊரார் புகழ்ந்திருப்பார்கள். அதே பெண் 1947இல் நாற்பது வயதில் கடைக்குச் சென்றால், "உங்களுக்கு இடை இல்லையே" என்று கேட்டிருப்பார்கள். மாறியது அவள் உடலன்று. அதை அளக்கும் கோல்.

நார்மா என்னும் சிலை

ஆயத்த உடைகள் பெருகியபோது கடைகளுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் ஆலையும் தனக்குத் தோன்றிய அளவில் தைத்ததால், உடை பொருந்தாமல் திரும்பி வந்தது. இதற்குத் தீர்வு காண, அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ரூத் ஓபிரையனும் வில்லியம் ஷெல்டனும் 1939-1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தனர். ஒவ்வொருவரிடமும் எடையோடு சேர்த்து 59 அளவுகள் எடுக்கப்பட்டன. முடிவுகள் 1941இல் வெளிவந்தன. ஆனால் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. இவ்வாய்வை அடிப்படையாகக் கொண்டு 1958இல் அமெரிக்க அரசு உடை அளவுத் தரம் ஒன்றை வெளியிட்டது. அது பெண்களின் உடலோடு ஒத்துப்போகவில்லை. 1983இல் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மருத்துவர் ராபர்ட் டிக்கின்சனும் சிற்பி ஏப்ரம் பெல்ஸ்கியும், பல்லாயிரம் இளம்பெண்களின் அளவுகளிலிருந்து சராசரி கண்டு ஒரு சிலை வடித்தனர். அதற்கு 'நார்மா' என்று பெயரிட்டனர். 1945இல் கிளீவ்லாந்து நகரின் நாளிதழ் ஒன்று, நார்மாவைப் போன்ற உடலமைப்புடைய பெண்ணைத் தேடிப் போட்டி நடத்தியது. ஒன்பது அளவுகள் ஒப்பிடப்பட்டன. 3,864 பெண்கள் கலந்துகொண்டனர். பெரும்பாலோர் சராசரியை ஒட்டியிருப்பர், வெற்றி நூலிழையில் முடிவாகும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது என்ன? ஒன்பதில் ஐந்து அளவுகளில் மட்டும் ஒத்துப்போனவர்கள்கூட நாற்பது பேருக்கும் குறைவு. ஒன்பதிலும் ஒத்துப்போனவர் ஒருவருமில்லை! திரையரங்கு ஒன்றில் காசாளராக வேலை செய்த 23 வயதுப் பெண்ணுக்குப் பரிசு கிடைத்தது. அவரும் முழுமையான நார்மா அல்லர்.

2000களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினி வருடியால் அளக்கப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடல் வடிவங்களை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் செவ்வக வடிவினர். மணற்கடிகார வடிவினரோ சுமார் 8 விழுக்காட்டினரே. ஆயினும் இதழ்களின் அறிவுரைகள் எதை நோக்கி நம்மைச் செலுத்துகின்றன? இடுப்பை மறை, தோளை அகலமாக்கிக் காட்டு, இடையை உருவாக்கு என்பனவெல்லாம் எல்லாரையும் அந்த எட்டுப் பேர் போலத் தோன்றச் செய்யும் வழிகளே. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு இல்லாத ஒன்றை இயல்பு என்றும், இருப்பதைக் குறை என்றும் சொல்வது எப்படிச் சரியாகும்?

நாம் செய்யக்கூடியவை

தமக்கு ஏற்ற உடையைத் தேர்ந்தெடுப்பது தவறன்று. அது ஒரு கலை. தோள்தையல் தோளெலும்பின் முனையில் நிற்கிறதா, கையைத் தூக்கினால் இழுக்கிறதா, அமர்ந்தால் மூச்சு முட்டுகிறதா, இந்த வெயிலுக்கு இத்துணி தகுமா என்று பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். உடையில் உள்ள எண்ணைப் பெரிதாக எண்ண வேண்டா. 1958ஆம் ஆண்டுத் தரத்தில் 8ஆம் எண் உடையின் மார்பளவு 31 அங்குலம். இன்று அதே எண்ணில் வரும் அமெரிக்க உடை அதைவிடப் பெரியது. எண்ணே நிலையில்லாதபோது அதற்காகப் பிள்ளை ஏன் அழ வேண்டும்? நம் புடவை யாரிடமும் அளவு கேட்பதில்லை; ரவிக்கையைத் தைப்பவர்கூட, உடலை அளந்த பிறகுதான் துணியை வெட்டுகிறார். அந்த வரிசையே சரியான வரிசை.

அந்த மாணவியிடம் அன்று நான் எதுவும் உபதேசிக்கவில்லை. அடுத்த கணிதப் பாடத்தில் சராசரி கற்பிக்க வேண்டியிருந்தது. வகுப்பிலிருந்த 24 பேரின் உயரத்தையும் அளந்து சராசரி காணச் செய்தேன். 141 சென்டிமீட்டர் என்று விடை வந்தது. "141 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் எழுந்து நில்லுங்கள்" என்றேன். ஒருவரும் எழவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள்.

"அப்படியென்றால் சராசரி ஆள் நம் வகுப்பிலேயே இல்லையா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்றேன். பிறகு நார்மாவின் கதையைச் சொன்னேன். அவ்வாண்டுத் தீபாவளி விருந்துக்கு அவள் தனக்குப் பிடித்த மயில்நீல நிறப் பாவாடை சட்டையில் வந்திருந்தாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை