விதை, பெயர், சாலை: ஆர்மீனியர் தாயகத்துக்கு அனுப்பிய பணத்தின் கதை

சென்னைப் பாரிமுனையை ஒட்டியுள்ள ஆர்மீனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரத் தெரு என்றொரு பெயர் உண்டு. அங்கே அரண்மனை ஏதும் இருந்ததில்லை. ஆர்மீனியரைக் குறித்த 'அர்மனி' என்ற சொல் நம் நாவில் புரண்டு அரண்மனையாகிவிட்டது. 1772-ல் கட்டப்பட்ட அவர்களது மாதா கோயில் இன்றும் அத்தெருவில் இருக்கிறது. அதன் முற்றத்துக் கல்லறைகளை மிதிக்காமல் நடப்பது கடினம். கோயிலுக்குரிய சமூகம்தான் இன்று சென்னையில் இல்லை.

தாயகத்தைப் பிரிந்து வாழும் மக்கள் அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்காகப் பணம் திரட்டுவதன் வரலாற்றை எழுத எண்ணியபோது, நம் நினைவு முதலில் இந்தத் தெருவுக்கே சென்றது. இவ்வளவு நீண்டகாலம், இத்தனை வடிவங்களில் அதைச் செய்த கிறித்தவச் சமூகங்கள் மிகச் சிலவே. அவ்வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் ஆர்மீனிய வணிகர்கள் பாரசீகத்தின் புதிய ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் மர்மலாங் பாலத்தைத் தம் பணத்தில் கட்டிய பெட்ரஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடம் அது. வாழவந்த ஊருக்குப் பாலம் கொடுத்த அச்சமூகம் தாயகத்துக்கு என்ன அனுப்பியது? ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் சென்னையில் ஓர் அச்சகம் நிறுவினார். வருங்கால சுதந்திர ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்ட வரைவொன்று அங்கே அச்சாகியது. 1794-ல் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இந்நகரிலிருந்து 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் அது. பதினெட்டு இதழ்களோடு நின்றுபோனது. சாமுவேல் மூரத், எட்வர்ட் ரஃபேல் என்ற சென்னை வணிகர் இருவரின் செல்வத்தைக் கொண்டு 1830-களில் இத்தாலியின் பதுவாவிலும் வெனிஸிலும் ஆர்மீனியச் சிறுவர்களுக்கான பள்ளிகள் திறக்கப்பட்டன.

சட்டம், இதழ், பள்ளி. வசதி படைத்தோர் தூரத்திலிருந்து தாயகத்தைக் கனவு காணும்போது அனுப்பும் பொருட்கள் இவை. அங்கே ஒரு குடியானவன் வீட்டில் மாவு இருக்கிறதா என்ற கேள்வி அக்கனவில் பெரிதாக எழவில்லை. அக்கேள்வியை எழுப்பியவர்கள் வேறு வகைப் புலம்பெயர்ந்தோர்.

*

ஆர்மீனிய மொழியில் 'பந்துக்த்' என்றொரு சொல் உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அயலூரில் கூலிக்கு உழைப்பவன் என்பது பொருள். நாரையைக் கண்டு தன் நாட்டுச் செய்தி கேட்கும் பந்துக்தின் பாடல் அம்மக்களிடையே நூற்றாண்டுகளாக வழங்கிவருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூஷ், வான் பகுதிகளின் மலைக்கிராமங்களிலிருந்து இளைஞர்கள் கான்ஸ்டான்டிநோபிளுக்கு நடந்து சென்று சுமைதூக்கிகளானார்கள். அவர்கள் முதுகில் சுமந்த பொதிகளின் கூலிதான் ஊரில் வரியாகவும், கடனுக்கு வட்டியாகவும், குளிர்காலத்துக் கோதுமையாகவும் மாறியது. பின்னர் கார்பெர்த் சமவெளியிலிருந்து பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரின் கம்பித் தொழிற்சாலைகள் அவர்களால் நிறைந்தன. அமெரிக்காவின் முதல் ஆர்மீனியத் திருச்சபைக் கோயிலை அவர்கள் 1891-ல் எழுப்பியது அந்நகரில்தான்.

இவர்களிடையே உருவானவையே ஊர்ச் சங்கங்கள். ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள் கூடி, வாரக் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஊர்ப் பள்ளிக்கும் ஆதரவற்ற குடும்பங்களுக்கும் அனுப்பினார்கள். கொடுப்பவருக்குப் பெறுபவரின் பெயர் தெரியும். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்த விதவையின் மகனுக்குப் படிப்பு வரும் என்பதெல்லாம் தெரியும். பிற்காலத்துப் பெருநிதிகள் எவையும் திரும்ப அடையமுடியாத நெருக்கம் இது என்று தோன்றுகிறது.

அந்நெருக்கத்தை முதலில் உடைத்தது வன்முறை. 1894 முதல் 1896 வரை சுல்தான் அப்துல் ஹமீதின் ஆட்சியில் நிகழ்ந்த படுகொலைகளில் மாண்டவர்கள் 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. 1896 ஆகஸ்டில் தலைநகரிலேயே நடந்த கொலைகளில் பெரும் எண்ணிக்கையில் பலியானவர்கள் அந்தச் சுமைதூக்கிகள். ஊரில் குடும்பம் பணத்துக்குக் காத்திருந்தது. அனுப்பியவன் இல்லை.

*

இந்தப் பின்னணியில்தான் 1906 ஏப்ரலில் கெய்ரோ நகரில் ஆர்மீனியப் பொது நற்பணி ஒன்றியம் தோன்றியது. நிறுவியவர்களில் முதன்மையானவர் போகோஸ் நுபார். எகிப்தின் முதல் பிரதமரான நுபார் பாஷாவின் மகன். பொறியாளர். வேளாண்மையில் பேரார்வம் கொண்டு உழவு இயந்திரமொன்றை வடிவமைத்தவர். ஒன்றியத்தின் நோக்கங்களில் அவரது மனம் தெரிகிறது. தாயகத்து ஏழைக் குடியானவர்களுக்கு விதை, கால்நடை, உழவுக்கருவி ஆகியவற்றை வழங்குவது அவற்றுள் முக்கியமானது.

இத்தேர்வை நாம் சற்று நிதானித்து நோக்கவேண்டும். படுகொலைக்குப் பின் எழும் இயல்பான அறச்செயல் கஞ்சித்தொட்டி திறப்பது. ஒன்றியம் ரொட்டிக்குப் பதில் விதையைத் தேர்ந்தது. ரொட்டி இன்றைய பசிக்கு. விதையைப் பெறுபவனோ அடுத்த அறுவடை வரை அந்நிலத்தில் இருந்தாகவேண்டும். விதையை அனுப்புவது 'நீ அங்கேயே இரு' என்று சொல்வதுதான். கெய்ரோவிலும் பாரிஸிலும் பாஸ்டனிலும் பாதுகாப்பாக வாழ்ந்தவர்கள், பாதுகாப்பற்ற நிலத்தில் இருக்கும்படி தம் மக்களை வேண்டிக்கொண்டார்கள். இதில் அன்பு உண்டு. ஒரு கொடுமையும் உண்டு. அன்று இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயன்றிருக்காது.

ஒன்பதாண்டுகளில் அந்த நிலமே கைவிட்டுப் போயிற்று. 1915-ல் தொடங்கிய இனப்படுகொலையில் மாண்டவர் எண்ணிக்கை 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. ஆர்மீனியர் தலைமுறைகளாக உழுத அனத்தோலியக் கிராமங்கள் ஆர்மீனியர் இல்லாத கிராமங்களாயின. விதை கொடுக்க நிலமும் இல்லை, உழவனும் இல்லை. மூசா தாக் மலையில் எதிர்த்து நின்று பிரெஞ்சுக் கப்பல்களால் மீட்கப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் பேர் எகிப்தின் போர்ட் சையத் முகாமுக்கு வந்துசேர்ந்தனர். ஃபிரான்ஸ் வெர்ஃபெலின் நாவல் வழியாகப் பலரும் அறிந்த கதை. ஒன்றியம் அம்முகாமின் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடத்தியது. மூலமுதல் நோக்கத்தில் எஞ்சியது அதுவே.

கிழக்கே, ருஷ்ய எல்லைக்குள், எச்மியாட்ஸின் திருமடத்தின் சுற்றுப்புறங்களில் அகதிகள் குவிந்தார்கள். அவர்களுக்கு உணவும் இடமும் தேடுவதில் நேரடியாக இறங்கியவர்களில் ஒருவர் ஆர்மீனியரின் பெருங்கவிஞர் ஹோவன்னஸ் துமான்யன். 1921-ல் ஸோவியத் ஆர்மீனியாவில் உதவிக்குழு அமைக்கப்பட்டபோது அதன் தலைமையை அவரே ஏற்றார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அகதிகளுக்கு உதவி வேண்டி கான்ஸ்டான்டிநோபிள் வாழ் ஆர்மீனியரிடம் சென்றார். சில மாதங்கள் கழித்துத் திரும்பியபோது நோயுற்றிருந்தார். 1923 மார்ச்சில் மாஸ்கோவில் காலமானார். தம் இறுதி ஆண்டுகளின் பெரும்பகுதியை ஒரு கவிஞர் பிறருக்காகக் கையேந்துவதில் செலவிட்டார். எழுதாமல் போன கவிதைகளை எண்ணி இலக்கிய வாசகர்கள் வருந்தலாம். அவர் வருந்தியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

*

இதன்பின் நிதி திரட்டலின் இயல்பு மாறுகிறது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் அனத்தோலியாவில் வேர் கொண்ட மேற்கு ஆர்மீனியர்கள். அவர்களது ஊர் இன்று வேறொரு நாட்டில், வேறு மனிதரின் கையில். எஞ்சியிருந்த ஒரே 'தாயகம்' அவர்கள் பிறந்திராத, பார்த்துமிராத ஸோவியத் ஆர்மீனியா. எனவே அவர்கள் தம் ஊரை அங்கே கொண்டுசென்றார்கள். அரப்கிர் ஊர்ச் சங்கத்தினர் திரட்டிய பணத்தில் 1925-ல் யெரெவானின் புறத்தே 'நோர் அரப்கிர்' எழுந்தது. 'நோர்' என்றால் புதிய. நோர் மலாத்தியா, நோர் செபாஸ்தியா, நோர் கார்பெர்த் என இழந்த ஊர்களெல்லாம் 'புதிய' என்ற அடைமொழியுடன் முளைத்தன. கிரீஸிலும் சிரியாவிலும் அகதிகளாய்க் கிடந்த குடும்பங்கள் சில அங்கே வீடு பெற்றன.

போகோஸ் நுபாரின் பெயரில் ஒன்றியம் எழுப்பிய நுபாராஷென் குடியிருப்பின் கதை இவ்வுறவின் சுருக்கம் எனலாம். வெளிநாட்டு நன்கொடைகளைக் கொண்டு 1930-களின் தொடக்கத்தில் அது உருவானது. ஸ்டாலினியக் களையெடுப்பு உச்சமடைந்த 1937-ல் துமான்யன் தலைமையில் தொடங்கிய உதவிக்குழு கலைக்கப்பட்டது. ஒன்றியத்தின் பணிக்கும் கதவடைக்கப்பட்டது. நுபாராஷென் 'ஸோவெடாஷென்' ஆயிற்று. பணம் ஏற்கப்பட்டது, கொடுத்தவரின் பெயர் துடைக்கப்பட்டது. ஸோவியத் ஆட்சி வீழ்ந்தபின் பழைய பெயர் மீண்டது.

இதைவிடக் கனமானது 1946 முதல் 1948 வரை நிகழ்ந்த தாயகத் திரும்பல். மாஸ்கோவின் அழைப்பை ஏற்று சிரியா, லெபனான், ஈரான், கிரீஸ், பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 பேர் சென்றனர். அவர்களது பயணத்துக்கும் குடியமர்வுக்கும் உலகெங்கும் நிதி திரட்டப்பட்டது. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்துடனேயே கொடுத்தார்கள். சென்றவர்கள் கண்டது போருக்குப் பிந்தைய வறுமையையும் ஐயப்பார்வையையும். 1949 ஜூனில் ஆர்மீனியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே வீச்சில் அல்தாய் பகுதிக்கு நாடுகடத்தப்பட்டபோது, அவர்களுள் புதிதாய் வந்திறங்கிய குடும்பங்களும் இருந்தன. தாயகம் சேரக் கப்பல் கட்டணம் கிடைத்திருந்தது. சைபீரியாவிலிருந்து மீள அவர்கள் ஸ்டாலினின் மரணம் வரை காத்திருக்க நேர்ந்தது.

*

1988 டிசம்பர் 7 அன்று ஸ்பிதாக் நகரை மையமாகக்கொண்ட நிலநடுக்கம் 25,000 பேரைக் கொன்றது. அந்தக் குளிர்காலத்தில் இரும்புத்திரை விலகியது. பாரிஸில் பிறந்த ஆர்மீனிய அகதிகளின் மகன் சார்ல் அஸ்நவூர் பிரெஞ்சுக் கலைஞர்கள் பலரைத் திரட்டி 1989-ல் ஒரு பாடலை வெளியிட்டு அதன் வருவாயை அனுப்பினார். 1992-ல், புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற குடியரசு, உலக ஆர்மீனியர் அனைவருக்குமான 'ஹயஸ்தான்' நிதியை நிறுவியது. ஆண்டுதோறும் நவம்பரில், அமெரிக்கரின் நன்றி நவிலும் நாளன்று, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பல மணிநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியே நன்கொடை திரட்டுவது வழக்கமாயிற்று. திரையில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்நிதி முதன்மையாகக் கட்டியவை சாலைகள். ஆர்மீனியாவின் கோரிஸையும் நகோர்னோ கராபாக்கின் ஸ்டெபனகெர்ட்டையும் இணைக்கும் மலைச்சாலை 1990-களில் அமைந்தது. பின்னர் கராபாக்குக்குள் 169 கிலோமீட்டர் நீள வடக்கு-தெற்குச் சாலை. உடன் பள்ளிகள், குடிநீர்க் குழாய்கள், வீடுகள். விதைக்குப் பின்னிருந்த அதே எண்ணம்தான்: வசதி செய்துகொடுத்தால் குடும்பங்கள் அங்கே தங்கும்.

2020 இலையுதிர்காலத்தில் 44 நாள் போர் நடந்தபோது இந்நிதிக்கு 17 கோடி டாலருக்கும் மேல் குவிந்தது. அதில் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை அரசின் கருவூலத்துக்கு மாற்றப்பட்டதும், நாங்கள் குடும்பங்களுக்குக் கொடுத்தோம், அரசுக்கா கொடுத்தோம் என்று வெளிநாட்டு ஆர்மீனியரிடையே கசப்பான விவாதம் எழுந்தது. கொடையாளிக்கு எந்த அளவுக்கு உரிமையுண்டு என்ற அப்பழைய கேள்விக்கு இன்னும் விடையில்லை. 2022 டிசம்பரில் லச்சின் வழி அடைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 19 அன்று அஸர்பைஜான் தாக்குதல் தொடுத்தது. அடுத்த சில நாட்களில் 1 லட்சத்துக்கும் அதிகமானோர், ஏறக்குறைய கராபாக்கின் ஆர்மீனியர் அனைவரும், கோரிஸை நோக்கிப் புறப்பட்டனர். 2022-ல் பாதையின் ஒரு பகுதி மாற்றப்பட்டிருந்தாலும் அதே மலைகள், அதே திசைதான். சில மணிநேரப் பயணம் ஒரு பகலையும் இரவையும் தாண்டி நீண்டது. தங்குவதற்காகக் கட்டிய வழி வெளியேறும் வழியாயிற்று.

*

அப்படியானால் இவையனைத்தும் வீண்தானா? அவ்வாறு முடிவுகட்ட நமக்கு மனமில்லை. நோர் அரப்கிர் இன்று யெரெவான் நகரின் ஒரு பகுதியாக உயிருடன் இருக்கிறது. போர்ட் சையத் முகாமில் எழுத்தறிந்த குழந்தைகள் எங்கோ தம் பிள்ளைகளுக்கு அவ்வெழுத்தைக் கற்பித்திருப்பார்கள். நிலத்துக்குக் கொடுத்தவை நிலத்தோடு போயின. மனிதர்களுக்குக் கொடுத்தவை மனிதர்களோடு நடந்து வந்துவிட்டன. கணக்கேடுகளில் இவ்விரண்டும் ஒரே பத்தியில் எழுதப்படுவதால் வேறுபாடு தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கொடுத்தவர்களின் பெயர்கள் கட்டடச் சுவர்களில் இருக்கின்றன. பெற்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. விதை வாங்கிய குடியானவன் அவ்விதையைப் பற்றி என்ன நினைத்தான், தங்கத்தான் விரும்பினானா என்று கேட்டவர் மிகச் சிலர். இன்று ஆர்மீனியச் சிற்றூர்களில் வாடகை வீட்டில் வாழும் கராபாக் குடும்பங்களுக்காகவும் நிதி திரட்டப்படுகிறது. இம்முறையாவது அவர்களிடம் முதலில் கேட்கலாம்.

அரண்மனைக்காரத் தெருக் கோயிலின் முற்றத்தில், இதழ் நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. அவர் அஸ்தராரை அச்சிட்டது தாயகத்துச் செய்தி இங்குள்ளோருக்கு எட்டவேண்டும் என்பதற்காகவும்தான். பணம் போகும் வழியே செய்தியும் திரும்பி வரவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாரிமுனைப் பக்கம் செல்லும் நண்பர்கள் ஒருமுறை உள்ளே சென்று பார்த்து வரலாம்.