கழற்றி மாட்டிய கதை

"ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி ஏற்கெனவே ஆறு கட்டுரை வந்தாச்சு. நீயாவது ஏதாச்சும் சரித்திரமா எழுதிக் குடப்பா" என்று மலர்க்குழு நண்பர் போனில் சொன்னார். எனக்குத் தெரிந்த சரித்திரம் ராஜா ராணி சரித்திரமல்ல. கிரீஸ் கறை படிந்த சரித்திரம். பரவாயில்லை என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு பாவமன்னிப்பு. நாலாம் வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும் அந்த 'பெடலில் இயங்கும் தண்ணீர் பம்ப்' நாங்கள் செய்ததல்ல. கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் காசு கொடுத்துச் செய்து வாங்கியது. நாங்கள் செய்தது ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் மட்டும்தான். வைவாவில் மனப்பாடமாகப் பதில் சொன்னோம்; நல்ல மார்க்கும் வாங்கினோம். இத்தனை வருடம் கழித்து இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

சோதனை என்றால் என்ன?

மோட்டார் சைக்கிள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேகம். ஆனால் வேகத்துக்கு மார்க்கே இல்லாத ஒரு போட்டி நூறு வருடத்துக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் பெயர் டிரயல்ஸ். தமிழில் சொன்னால் சோதனை. பாறை, சேறு, ஓடைக் கல், மரவேர் இவற்றின் நடுவே ஒரு குறுகிய பாதையைக் குறித்து வைப்பார்கள். அதில் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். இரண்டு தடவை ஊன்றினால் இரண்டு. அதற்கு மேல் ஊன்றினால் மூன்று. நின்றுபோனால், விழுந்தால் ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவர் வென்றவர். நம் பரீட்சைக்கு நேர் எதிர்!

ஆரம்பத்தில் இது நிஜமாகவே வண்டிக்கான சோதனைதான். ஒற்றை கியரும் தோல் பெல்ட்டுமாக இருந்த அந்தக் கால வண்டிகள் மேட்டைக் கண்டால் மூச்சுவிட்டன. 'எங்கள் வண்டி மலையேறும்' என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் ஜனங்கள் நம்ப வேண்டுமே? 1909-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து புறப்பட்டு மலைப்பாதைகளில் பல நாள் ஓடும் சோதனை ஓட்டம் துவங்கியது. அதுதான் இன்றுவரை நடக்கும் ஸ்காட்டிஷ் ஆறுநாள் டிரயல். 1913-ல் சர்வதேச ஆறுநாள் டிரயல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் முதல்முறையாக நடந்தது. சாலைகள் நன்றாகிவிட்ட பிறகு வண்டியைச் சோதிக்கச் சாலை போதவில்லை. அதனால் சாலையை விட்டு இறங்கிப் பாறைக்கும் ஓடைக்கும் போனார்கள். வண்டிக்கான சோதனை, ஓட்டுகிறவனுக்கான சோதனையாக மாறியது அப்படித்தான்.

இதில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. 1948-ல் கோல்மோர் கப் என்ற டிரயலுக்கு ராயல் என்ஃபீல்டு கம்பெனி, பின் சக்கரத்துக்கு ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புல்லட் வண்டிகளை அனுப்பியது. அன்று மற்றவர்கள் நம்பியது வேறு: பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாமல் விறைப்பாக இருந்தால்தான் டயர் மண்ணைப் பிடிக்கும் என்பது. சக்கரம் தரையை விட்டுப் பிரியாமல் இருந்தால்தான் பிடிப்பு என்று என்ஃபீல்டு சொன்னது. ஜானி பிரிட்டன் என்பவர் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறுநாள் டிரயலைப் புல்லட்டில் வென்றபோது வாதம் முடிந்துபோனது. அந்த புல்லட்டின் தம்பிதான் 1955-ல் துவங்கிய என்ஃபீல்டு இந்தியா மூலம் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் உற்பத்தியாகி, நம் ஊர் போலீஸ்காரருக்கும் பண்ணையாருக்கும் வாகனமானது. அந்த 'டுப் டுப்' வண்டிக்குப் பின்னால் ஓடைக்கல் பாடம் ஒன்று இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த திருப்பம் சின்ன வண்டிகளுடையது. 1960-களின் நடுவில் சாம்மி மில்லர் என்ற டிரயல்ஸ் வீரர், தாம் ஓட்டிப் பேர்பெற்ற 500 சி.சி. ஏரியலை விட்டுவிட்டு, ஸ்பெயினில் பார்சிலோனாவின் புல்டாகோ கம்பெனியுடன் சேர்ந்து நூறு கிலோவுக்கும் குறைந்த எடையில் ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். 1965-ல் ஸ்காட்டிஷ் ஆறுநாள் டிரயலை அதில் வென்றார். கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் யானைகளின் காலம் அத்தோடு முடிந்தது. அந்த வண்டியின் பெயர் 'ஷெர்பா'.

ஏன் இந்தப் பெயரை அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதே 1960-களில் திருவொற்றியூரிலும் ஒரு ஷெர்பா இருந்தது. வில்லியர்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த, 175 சி.சி. வகை என்ஃபீல்டு ஷெர்பா. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. ஆனால் இங்கிலாந்தில் கிரீவ்ஸ், ஜேம்ஸ் போன்ற சின்ன கம்பெனிகள் டிரயல்ஸுக்கு வண்டி கட்டியது வில்லியர்ஸ் எஞ்சினை வைத்துத்தான். அந்த ஷெர்பாவில் ஒன்று எங்கள் பெரியப்பாவிடம் இருந்தது.

கட்டுத்தறியில் ஒரு ஷெர்பா

கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தோட்டம். 1968-ல் வாங்கிய அந்த வண்டியில்தான் பெரியப்பா பால் கேன் கட்டிக்கொண்டு இட்டேரியில் போவார், வருவார். இருபுறமும் கள்ளிவேலி, நடுவில் வண்டித்தடம், மழை பெய்தால் முழங்கால் சேறு. யோசித்துப் பார்த்தால் அவர் தினமும் ஓட்டியது டிரயல்ஸ்தான், மார்க் போட ஆள் இல்லை, அவ்வளவே! பிறகு பஜாஜ் வந்தது, ஷெர்பா சாளையை ஒட்டிய கட்டுத்தறியில் சாய்த்து வைக்கப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அதன்மேல் கோழி அடைந்தது.

மூன்று வருடம் முன்பு அதைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. பழைய வண்டி பிரியர்கள் பளபளவென்று பெயின்ட் அடித்து, குரோமியம் பூசி, ஆயுதபூஜைக்கு மாலை போட்டு நிறுத்துவார்கள். நான் அதை டிரயல்ஸ் வண்டியாக்கி எங்கள் பள்ளத்தில் ஓட்ட நினைத்தேன். நண்பர்கள் திட்டினார்கள். "அபூர்வமான வண்டிடா, அதை வெட்டிக் கெடுக்காதே" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஃபிரேமில் ஓரிடத்திலும் வெட்டோ வெல்டிங்கோ கூடாது. எல்லாம் போல்ட் போட்டு மாட்டுவதாக இருக்க வேண்டும். கழற்றிய பாகம் அத்தனையும் பெட்டியில் இருக்க வேண்டும். நாளைக்கே வேறொருவர் பழையபடி ஆக்க நினைத்தால் முடிய வேண்டும்.

எஞ்சினைப் பிரித்ததும் கிராங்க்கின் பிக்-எண்ட் ஆடியது. எங்கே போவது? கால்கள் தாமாக அந்தக் கணபதி பட்டறைக்கே போயின. மாஸ்டருக்கு இப்போது எழுபது இருக்கும். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பம்ப் புராஜெக்ட் தம்பிதானுங்? மார்க்கு வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க மாஸ்டர்" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு எப்படிச் செய்யறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங். பில்லு மட்டுந்தான் கேட்டீங். இன்னைக்காவது கூட நின்னு செய்யறதுன்னா வாங்கோ, இல்லாட்டி நேரமில்லீங்."

நின்றேன். கிராங்க்பின்னை அவர் கடைந்து கொடுத்தார்; பிரஸ்ஸில் ஏற்றியபின் நேராக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜை ஓட்டினால் 0.20 மில்லிமீட்டர் ஓட்டம். செம்புச் சுத்தியலால் எந்த இடத்தில், எவ்வளவு தட்டுவது? அதிகம் தட்டினால் எதிர்ப்பக்கம் போய்விடும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் 0.03-க்கு வந்தது. மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார், தொடவில்லை. முடிந்ததும் டீ சொன்னார். என் டிகிரிக்கு அன்றைக்குத்தான் கையெழுத்து விழுந்ததாகத் தோன்றியது.

இந்த ஊரின் குணம்

இந்த 'நீயே செய்' என்பது மாஸ்டரின் குணம் மட்டுமல்ல, இந்த ஊரின் குணம். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, சிறுகச் சேர்த்த காசில் அதை வாங்கினார். வாங்கி ஊர்வலம் போகவில்லை. அக்கு அக்காகக் கழற்றி, மறுபடி மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய ஒற்றை பஸ் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது. அதற்கெல்லாம் முதல் பாடம் ஒரு மோட்டார் சைக்கிளின் நட்டும் போல்ட்டும்தான்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. மில்லுக்கு ரிப்பேர் பட்டறை வேண்டியிருந்தது. கிணற்றுக்குப் பம்ப் வேண்டியிருந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். பிற்காலத்தில் எஸ். கரிவரதன் என்பவர், சாதாரண மாருதி காரின் எஞ்சினை எடுத்து, இளைஞர்கள் குறைந்த செலவில் ஓட்டிப் பழகும்படி ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கோவையிலேயே கட்டினார். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையம் ரேஸ் டிராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஒரு காரியத்துக்குச் செய்த பொருளை இன்னொரு காரியத்துக்கு வளைப்பது இங்கே பழைய வித்தை. நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

நடக்கிற வேகம்

டிரயல்ஸுக்கு முதல் தேவை மெதுவாகப் போவது. ஷெர்பாவின் முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 18 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரச் சுற்றளவு சுமார் 2 மீட்டர். நிமிடத்துக்கு 1000 சுற்றில் வண்டி மணிக்கு ஆறரை கிலோமீட்டருக்கு மேல் போகும். பாறையில் அது ஓட்டம்! முன் பல்சக்கரத்தில் கால் பங்கு பல்லைக் குறைத்து, பின்னதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியதும் 18 என்பது 29-க்கு அருகில் வந்தது. இப்போது அதே எஞ்சின் சுற்றில் மணிக்கு நாலு கிலோமீட்டர், அதாவது மனிதன் நடக்கிற வேகம்.

ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்தினேன், நின்றுகொண்டு ஓட்டுவதற்காக. சைலன்ஸரை உயர்த்தினேன். சேறு அடைக்காதபடி மட்கார்டை மேலே தூக்கினேன். வேண்டாத இரும்பெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. எஞ்சினின் கனமான ஃபிளைவீலில் மட்டும் கை வைக்கவில்லை. ரேஸ்காரன் அதைக் கடைந்து எடை குறைப்பான். டிரயல்ஸில் அந்த எடைதான், எஞ்சின் திணறும்போது அணையாமல் அடுத்த வெடிப்புவரை இழுத்துக்கொண்டு போகும்.

தவறும் செய்தேன். பிடிப்புக்காகப் பின் டயரில் காற்றை 10 பவுண்டுக்கு இறக்கினேன். முதல் மேட்டிலேயே டயர் ரிம்மில் வழுக்கிச் சுழன்று, கூடவே டியூபை இழுத்து, வால்வைப் பிய்த்துவிட்டது. டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம்-லாக் எதற்கென்று புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

போன தைமாதம் பழைய புராஜெக்ட் கூட்டாளிகள் மூவரும் தோட்டத்துக்கு வந்தார்கள். தண்ணீரில்லாத பள்ளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஐந்து பகுதி குறித்தோம். இப்படி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. ஆகவே எல்லாம் எங்கள் நிலத்துக்குள்தான். நான் ஓட்ட, அவர்கள் ஈவிரக்கமின்றி மார்க் போட்டார்கள். இருபத்தைந்துக்குப் பதினேழு தண்டம். இரண்டு தடவை விழுந்தேன். ஒரே ஒரு பகுதியை மட்டும் கால் ஊன்றாமல் முடித்தேன்.

வரப்பில் நாற்காலி போட்டுப் பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியை இப்படி ஆக்கிவிட்டேனே என்று எனக்கு உள்ளூர உறுத்தல்தான். கிட்டே போய், "பழையபடியே மாட்டிரலாங்களா பெரீப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு? நிறுத்தி வெச்சப்பத்தான் பாக்கச் சங்கடமா இருந்துச்சு. இப்ப சத்தம் கேக்குதல்லோ" என்றார். பிறகு, "அந்த மேட்டுல கிளச்சை அவசரமா உடற. நான் பால் கேனோட ஏறுவேன்" என்றும் சொன்னார்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கம்ப்யூட்டர் திரையில் எங்களுக்குக் கிடைக்காத வசதிகள் உண்டு. எஞ்சினைச் சுற்றிக் காட்டும், அழுத்தத்தைக் கலரில் காட்டும். நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 0.20-ஐ 0.03 ஆக்கும் தட்டு எங்கே விழ வேண்டும் என்பது அதில் வராது. அது தெரிந்த மாஸ்டர்கள் இன்னும் சிலர் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புராஜெக்ட்டுக்கு அவர்களிடம் போவதில் தப்பில்லை. பில்லை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், நாங்கள் வந்தது போல.

ஷெர்பாவின் கியர் பாக்ஸில் இரண்டாம் கியர் சில சமயம் நழுவுகிறது. வருகிற லீவில் மறுபடி பிரிக்க வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், அழைத்துப் போகிறேன். பழைய சட்டை போட்டு வரவும்.