இடக்கைக்கு ஒரு காப்பு

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் குழலின் நீளத்தையும் குண்டின் எடையையும் அது எட்டும் தொலைவையுமே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். விசையை இழுக்கும் வலக்கைக்கும் அதில் ஓரளவு இடமுண்டு. குழலைத் தாங்கி, அதன் சூட்டையும் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும் இடக்கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தக் கைக்காக மரத்திலோ தோலிலோ செய்த உறையை நாம் இங்கே கைக்காப்பு என்றே அழைப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே கொல்லம் செல்லும் சாலையில் இராசபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பாளையக்காரர்களின் கோட்டைகள் நிறைந்த வழி. 1755-இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் வரை வந்து, கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பினார். 1767-இல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்ட கர்னல் டொனால்ட் கேம்பெல், பீரங்கி உடைத்த இடங்களை உள்ளிருந்தோர் வைக்கோலாலும் பனைமரங்களாலும் உடனுக்குடன் அடைத்ததை வியந்து எழுதினார். அவர்களிடம் ஈட்டியும் வளரியும் திரித்துப்பாக்கியும் இருந்தன.

திரித்துப்பாக்கியால் ஒருமுறை சுட்டபின் மருந்து கெட்டித்து, குண்டு இட்டு, திரியைச் சரிசெய்து மறுமுறை சுடுவதற்குள் குழல் பெரிதும் ஆறிவிடும். ஆகவே சூட்டுக்கென்று தனிக் காப்பு தேவைப்படவில்லை. இந்தியத் திரித்துப்பாக்கிகளில் குழலைக் கட்டையோடு சேர்த்துத் தோல்வாராலோ கம்பியாலோ சுற்றிக் கட்டுவது பரவலான வழக்கம். குழல் அசையாமலிருக்கவே அந்தக் கட்டு. ஆயினும் வியர்த்த கை வழுக்காமலிருக்கவும் அது உதவியிருக்கும் என்று நாம் கருதலாம்.

ஆயுதத்தைக் கை எப்படி அறிந்தது என்பதற்கு நம் பக்கத்திலிருந்து எழுத்துச் சான்றுகள் அரிது. இருக்கும் ஒன்றும் எதிரியின் எழுத்தே. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். 1795-இல் மதுரையில் இருந்த இளைஞர் அவர். அதே வெல்ஷ் 1801-இல் மருதுவுக்கு எதிரான போரில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சின்ன மருது திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமையில் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தது. ஆயுதங்களோடு, அவற்றைப் பிடிக்கும் பழக்கமும் பறிபோயிற்று. கற்றுத் தந்தவரின் கையைப் பற்றி ஒரு வரியாவது எஞ்சியது மாணவர் நூல் எழுதியதால்தான். இந்தக் கசப்பை நம்மால் எளிதில் தாண்டிச் செல்ல முடியவில்லை.

அதன்பின் துப்பாக்கியின் கதை கும்பினியின் கதையாகவும், பிறகு பேரரசின் கதையாகவும் நடந்தது. 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்டினி-ஹென்றி ரைபிளைப் பின்புறம் திறந்து தோட்டா இடலாம். நிமிடத்துக்குப் பத்து முறையேனும் சுடலாம். புதிய சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. 1879-இல் ஜூலுப் போரில் குழல்கள் கொதித்தன, இடக்கை வெந்தது. தொழிற்சாலை ஒன்றும் செய்வதற்கு முன்பே சிப்பாய்கள் தாமே வழி கண்டார்கள். பச்சை மாட்டுத்தோலை நனைத்து முன்கட்டையையும் குழலையும் சேர்த்துச் சுற்றித் தைத்தார்கள். தோல் காயும்போது சுருங்கி இறுகிக்கொண்டது. கயிறிட்டுக் கட்டும் தோல் காப்புகள் அதிகாரபூர்வமாக வந்தது பின்னரே.

புகையற்ற வெடிமருந்தும் தோட்டா அடுக்கும் வந்தபின் சூடு இன்னும் கூடியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குட்டை லீ-என்ஃபீல்டில் குழலின் மேற்புறத்தையும் முழுநீளத்துக்கு மரத்தால் மூடினார்கள்.  கைக்கு இதமளிக்கும் அந்த மர மூடியை யார் முதலில் கேட்டாரோ, அவர் பெயர் எந்த நூலிலும் நம் கண்ணில் படவில்லை. கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் இவ்வகை ரைபிள்கள் செய்யப்பட்டன. கைக்குண்டு எறியப் பயன்பட்டவற்றின் முன்கட்டை பிளக்காதபடி உலோகக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி ஈயப்பற்று வைத்தார்கள். திரித்துப்பாக்கியின் பழைய கட்டு வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வந்தது போலிருக்கிறது.

தமிழகத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது திருச்சிராப்பள்ளியில், 1966-இல். இன்சாஸ் ரைபிள் அங்கும் செய்யப்பட்டது, பின்னர் ஏ.கே. வழியில் அமைந்த டிரிச்சி அசால்ட் ரைபிளும் வந்தது. மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. இதிலும் ரஷ்யர்களின் ஏ.கே.எம். வகை நம் கவனத்துக்குரியது. அதன் கைக்காப்பு இருபுறமும் மெல்லப் புடைத்திருக்கும்; உள்ளங்கையின் குழிவை அந்தப் புடைப்பு நிரப்பிவிடுவதால் இறுகப் பற்ற வேண்டியதில்லை, விரல்களும் குழலிலிருந்து விலகியே நிற்கும். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் இதைக் கொண்டாடுவதில்லை. நாள் முழுதும் சுமப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

மலையடிவாரத்து உழவர்களுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விட்டுவைத்தது பயிர்க்காவலுக்கான வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைத்தான். அதுவும் திரித்துப்பாக்கியைப் போலவே மெதுவாகச் சுடுவது, குழல் கொதிக்காது, கைக்காப்பும் கிடையாது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இன்று தறிகள் நெய்துகொண்டிருப்பது பேண்டேஜ் துணி.