கையெழுத்துக்குக் கணக்குக் கேட்பது: 1975 இந்தியாவும் 1987–88 மலேசியாவும்

ஒரு பிரதமர் பொதுப்பணத்தில் கை வைத்தால் அவரைச் சிறைக்கு அனுப்ப முடியும் என்று மலேசியா காட்டிவிட்டது. 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் நஜிப் ரசாக்கின் 12 ஆண்டுத் தண்டனையை உறுதிசெய்தது; அன்றே அவர் காஜாங் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். தண்டனை பின்னர் பாதியாகக் குறைக்கப்பட்டாலும், அந்தத் தீர்ப்பு இந்த நாட்டின் நீதித்துறைக்குப் பெருமைதான். ஆனால் ஆட்சியில் இருப்பவர் கை வைப்பது பணத்தில் இல்லாமல் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் எதிர்க்கட்சியிலும் என்றால், யார் கேட்பது? எந்தச் சட்டப் பிரிவின்கீழ் கேட்பது?

இந்தக் கேள்விக்கு இரண்டு வரலாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1975–77 இந்திய நெருக்கடி நிலை. மற்றொன்று, மலேசியாவின் 1987 ஓப்பராசி லாலாங்கும் 1988 நீதித்துறை நெருக்கடியும். இரு நாடுகளும் ஆங்கிலேயரிடமிருந்து ஒரே மாதிரியான நீதிமன்ற மரபையும், விசாரணையின்றி அடைத்துவைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டவை. மலாயாவில் அந்த மரபு கால்வைத்த இடமே பினாங்கு. 1807-ஆம் ஆண்டின் அரச பட்டயத்தால் இங்கேதான் முதல் முறையான நீதிமன்றம் அமைந்தது.

நாற்காலி ஆடிய நேரம்

ரேபரேலியில் தோற்ற ராஜ் நாராயண் தொடுத்த வழக்கில், 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, இந்திரா காந்தியின் 1971 தேர்தல் வெற்றி செல்லாது என்றார். 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராகத் தொடரலாம், அவையில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகு, 26-ஆம் தேதி காலையில்தான் அமைச்சரவையின் ஒப்புதல் பெறப்பட்டது.

மலேசியாவில் ஆட்டம் கண்டது கட்சித் தலைமை. 1987 ஏப்ரல் 24 அம்னோ தேர்தலில் பிரதமர் மகாதீர் 761 வாக்கு, துங்கு ரசாலி 718. பதிவுபெறாத கிளைகளின் பேராளர்கள் வாக்களித்தார்கள் என்று தோற்ற அணியினர் வழக்குப் போட்டார்கள். 1988 பிப்ரவரி 4 அன்று நீதிபதி ஹருண் ஹாஷிம், அம்னோவே சட்டவிரோத அமைப்பாகிவிட்டது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் ஜூன் 13 அன்று விசாரிப்பார்கள் என்று உச்ச நீதிமன்றத் தலைவர் சாலே அபாஸ் நாள் குறித்தார். அந்த நாள் வருவதற்குள், மே மாத இறுதியில், அவரே இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆகஸ்டில் பதவி பறிபோனது. அவருக்காக இடைக்கால உத்தரவு போட்ட ஐந்து நீதிபதிகளும் ஜூலையில் இடைநீக்கப்பட்டார்கள். அவர்களில் வான் சுலைமானும் ஜார்ஜ் சியாவும் பதவி இழந்தார்கள். மற்ற மூவர் திரும்பினார்கள். அந்த மூவரில் ஒருவர் பினாங்கில் பிறந்த யூசுப் அப்துல்காதர்.

கைதும் நீதிமன்றமும்

எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றல்ல. இந்தியாவில் மிசா சட்டத்திலும் பாதுகாப்பு விதிகளிலும் 1,10,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிபட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்தார். மலேசியாவில் 1987 அக்டோபர் 27-இல் தொடங்கிய ஓப்பராசி லாலாங் வேட்டையில் 106 பேர் பிடிபட்டார்கள். 'தி ஸ்டார்', 'சின் சியூ', 'வத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமம் நிறுத்தப்பட்டது. இனக்கலவரத்தைத் தடுக்கவே இது என்றது அரசு. ஆனால் பினாங்கிலிருந்து பிடிபட்டவர்களைப் பாருங்கள்: ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங், அலிரான் அமைப்பின் தலைவர் சந்திரா முசாபர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். இவர்கள் யாரும் கலவரத்துக்குக் கத்தி தீட்டியவர்கள் அல்லர், கேள்வி கேட்டவர்கள்.

கர்ப்பாலின் வழக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்றம் அவருடைய ஆட்கொணர்வு மனுவை ஏற்று விடுதலை செய்தது. தடுப்பு ஆணைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று பிழையானது. சில மணி நேரத்திலேயே அவரை மறுபடி பிடித்தார்கள். பின்னர் உச்ச நீதிமன்றம், காரணங்களில் ஒன்று பிழையாக இருப்பதால் ஆணை செல்லாமல் போகாது என்று சொல்லி ஈப்போ தீர்ப்பையே மாற்றியது. இதை 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி ஜபல்பூர் வழக்கோடு சேர்த்துப் படியுங்கள். அங்கே இந்திய உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார்; அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி இளையவருக்குப் போனது. இரு நாட்டிலும் கைதியின் முன்னால் இருந்த கடைசிக் கதவு, திறக்க வேண்டியவர்களாலேயே சாத்தப்பட்டது.

பிறகு என்ன நடந்தது

இரண்டு பாதைகளும் பிரிவது இங்கேதான். 1977 மார்ச்சில் இந்திய வாக்காளர்கள் ஆட்சியை மாற்றினார்கள். மே 28 அன்று, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதிகாரிகள் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்கள். இந்திரா காந்தி வந்தார், பிரமாணம் எடுக்க மறுத்தார். சென்னைச் சிறைக் கொடுமையை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் தனியே விசாரித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது: 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் நீக்கப்பட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்றானது, அமைச்சரவையின் எழுத்துபூர்வமான முடிவு இல்லாமல் நெருக்கடி நிலை இல்லை, உயிர்வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பையும் 2017-இல் உச்ச நீதிமன்றம் தவறென்று தள்ளியது.

மலேசியாவில் அப்போது ஆட்சி மாறவில்லை. ஆகவே விசாரணையும் வரவில்லை. இருபது ஆண்டு கழித்து, 2008 ஏப்ரலில், பிரதமர் அப்துல்லா படாவி பாதிக்கப்பட்ட நீதிபதிகளுக்குக் கருணைத் தொகை அறிவித்தார். மொத்தம் 1 கோடியே 5 லட்சம் ரிங்கிட். அதில் மன்னிப்பு இல்லை, தவறு நடந்தது என்ற ஒப்புதலும் இல்லை. யூசுப் அப்துல்காதர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. அவர் 1996-இலேயே மறைந்திருந்தார். அதே 2008-இல், சாலே அபாஸின் நீக்கம் நியாயமற்றது என்று அறிக்கை தந்தது வழக்கறிஞர் மன்றமும் அனைத்துலக அமைப்புகளும் அமைத்த குழு. அதன் தலைவர் இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா. லாலாங் கைதுகளுக்குப் பயன்பட்ட இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் போனது. விசாரணையின்றி அடைக்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன.

இந்தியா தோற்ற இடம்

இதனால் இந்தியா முழு மதிப்பெண் வாங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1977 அக்டோபர் 3 அன்று இந்திரா காந்தி கைதானார். எதற்காக? தேர்தலுக்கு ஜீப் வாங்கிய விவகாரமும் ஒரு எண்ணெய் ஒப்பந்தமும். லட்சம் பேரைச் சிறையில் அடைத்ததற்காக அல்ல. மறுநாளே நீதித்துறை நடுவர் ஆதாரமில்லை என்று விடுவித்தார். 1979-இல் சிறப்பு நீதிமன்றச் சட்டம் வந்தது. 1980 ஜனவரியில் அவரே பிரதமராகத் திரும்ப, எல்லாம் கரைந்தது. ஷா அறிக்கையின் பிரதியைக் கண்ணில் காண்பதே அரிதானது, 2010-இல் இரா. செழியன் அதைத் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்ய வேண்டியிருந்தது.

ஜீப்பைப் பிடித்துத் தொங்கியதற்குக் காரணம் காவல்துறையின் அவசரம் மட்டுமல்ல. நெருக்கடி நிலை பிரகடனத்தில் குடியரசுத் தலைவரின் கையெழுத்து இருந்தது. லாலாங்கின் தடுப்பு ஆணைகளில் உள்துறை அமைச்சரின் கையெழுத்து இருந்தது. அந்தப் பொறுப்பும் மகாதீரிடமே. சாலே அபாஸை நீக்கியதற்கு நடுவர் மன்ற அறிக்கை இருந்தது. பணத் திருட்டுக்கு வங்கிக் கணக்கு சாட்சி சொல்லும். ஜனநாயகத்தின் மீதான தாக்குதலோ அரசிதழில் அச்சாகி, சட்டத்தின் உடுப்பிலேயே வருகிறது. அதைக் குற்றம் என்று சட்டம் முன்கூட்டிப் பெயர் சொல்லி வைக்காவிட்டால் எந்த நீதிமன்றத்தாலும் தொட முடியாது.

பெயர் சொல்லி வைத்த நாடுகள் உண்டு. பிரேசில், ராணுவ ஆட்சிக் காலத்தின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை 2021-இல் நீக்கி, ஜனநாயக ஆட்சியைப் பலவந்தமாக ஒழிக்க முயல்வதைத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக எழுதியது. அதன்படியே 2025 செப்டம்பரில் முன்னாள் அதிபர் போல்சனாரோவுக்கு 27 ஆண்டும் 3 மாதமும் தண்டனை விதிக்கப்பட்டது.

நமக்கு மீதமிருக்கும் கடன்

சாலே அபாஸ் 2021-இல் மறைந்தார். கர்ப்பால் 2014-இல் போய்விட்டார். 1988-க்காக ஒருவரைக் கூண்டில் ஏற்றும் காலம் ஏறக்குறையக் கடந்துவிட்டது. ஆனால் இந்தியா காட்டிய பாடம் காலம் கடக்கவில்லை: தண்டனை தவறிப்போனாலும், நடந்ததை ஆவணமாக்கலாம், அது திரும்ப நடக்கும் வழியை அடைக்கலாம்.

1988-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் 121-ஆம் பிரிவைத் திருத்தி, நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுடையது என்ற வாசகத்தை எடுத்துவிட்டது. 2017-இல் செமினி ஜெயா வழக்கிலும், 2018-இல் ஈப்போ தாய் இந்திரா காந்தி தன் பிள்ளைகளுக்காகப் போராடிய வழக்கிலும், அந்த அதிகாரத்தை யாராலும் பறிக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. தங்கள் பங்கை நீதிபதிகள் செய்துவிட்டார்கள். நாளை வேறொரு அமர்வு வேறு மாதிரி சொல்லலாம் என்பதால், மிச்சப் பங்கு நாடாளுமன்றத்துடையது. 1987–88 ஆவணங்களைத் திறந்து ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கட்டும். எடுத்த வாசகத்தை எடுத்த இடத்திலேயே திரும்ப எழுதட்டும். அதற்கு யாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும். நம்மிடம் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், அந்த வாக்கைத் தருவாயா என்று கேட்பது நம் பங்கு.