பல் பார்த்து வாங்குதல்

சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் உழவன், விற்பவன் சொல்லும் வயதை அப்படியே நம்பிவிடுவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். வாய்ச்சொல் பொய்க்கலாம்; பல் பொய்க்காது என்பது அவன் அனுபவத்தில் கண்ட உண்மை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் பல் பார்த்து வாங்குவதைப் பற்றியதே. ஆனால் இந்தப் பல் மோட்டார் வண்டியின் கியர் பெட்டிக்குள் சுழலும் பற்சக்கரத்தின் பல். சந்தையோ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்கும் சந்தை.

அந்நாட்டில் 1950, 60-களில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளை இன்றும் போற்றிக் காப்பாற்றி வருபவர் பலர். அவ்வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே தாமாகக் கியர் மாற்றிக்கொள்ளும் அமைப்பை உடையனவாக இருந்தன. இப்போது அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர் அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு, கையால் மாற்றும் கியர் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்துகிறார்கள். வசதியை விலக்கி உழைப்பை விலைகொடுத்து வாங்கும் இந்த விருப்பம் முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், கியர் பெட்டியின் சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் கியர் மாற்றுவது எளிய செயலாக இருக்கவில்லை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்துவராத நிலையில் இணைத்தால் பற்கள் உராய்ந்து அலறும், உடைந்தும் போகும். ஆகவே ஓட்டுபவர், கிளட்சை ஒரு முறை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, எஞ்சினின் வேகத்தைச் சரிப்படுத்தி, மீண்டும் ஒரு முறை மிதித்து அடுத்த கியருக்குச் செல்ல வேண்டியிருந்தது. காதும் காலும் கையும் ஒன்றுபட்டாலன்றி இது கைகூடாது.

இத்தொல்லைக்கு முடிவு கண்டவர் ஏர்ல் தாம்ஸன் என்ற பொறியியல் அறிஞர். பற்கள் சேர்வதற்கு முன்னரே, கூம்பு வடிவமான உராய்வுப் பரப்புகள் இரண்டும் ஒன்றையொன்று தழுவி, வேகத்தைச் சமப்படுத்திவிடும் ஓர் அமைப்பை அவர் வகுத்தார். 1928-ஆம் ஆண்டில் காடிலாக் வண்டிகளில் அது இடம்பெற்றது. ஆனால் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. கியர் மாற்றும் வேலையையே ஓட்டுபவரிடமிருந்து அகற்றிவிட முனைந்தார். அவர் தலைமையில் உருவான ஹைட்ராமாட்டிக் என்ற தானியங்கி அமைப்பு, 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் வெளிவந்தது. கையால் கியர் மாற்றுவதை எவர் எளிதாக்கினாரோ அவரே அதனைத் தேவையற்றதாகவும் ஆக்கினார் என்பது இச்சரித்திரத்தின் சுவையான முரண்பாடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தானியங்கி அமைப்பு பெருகியது. 1950-இல் ஷெவர்லே நிறுவனம் தன் பவர்கிளைடு என்னும் இரண்டு கியர் கொண்ட தானியங்கியை நடுத்தர மக்களின் வண்டிகளுக்கும் கொண்டுவந்தது. கையால் மாற்றும் முறை மெல்ல மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் 1957-இல் எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. போர்க்-வார்னர் நிறுவனம் செய்த டி-10 என்ற நான்கு கியர்ப் பெட்டியை, ஷெவர்லே தன் கார்வெட் வண்டியில் தனிக் கட்டணத்திற்கு அளித்தது. அதுவரை பெட்டியின் நடுவில் இருந்த பின்னோக்கு கியரை வால்பகுதிக்கு நகர்த்தி, அதனால் கிடைத்த இடத்தில் நான்காவது முன்னோக்கு கியரை அமைத்தார்கள். அதற்காக 188 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கவும் ஆட்கள் இருந்தனர். இதுவரை வேறு வழியின்றிச் செய்யப்பட்ட ஒரு வேலை, அன்று முதல் விரும்பிச் செய்யப்படும் வேலையாயிற்று.

இங்கே ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியானா மாநிலத்திலுள்ள மன்ஸி என்ற ஊர் அது. ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்னும் தம்பதியர் 1929-இல் ‘மிடில்டவுன்’ என்ற புனைபெயரிட்டு ஆராய்ந்து எழுதிய ஊர் இதுவே. மோட்டார் வண்டி ஒரு சிற்றூரின் குடும்ப வாழ்க்கையையும் ஓய்வு நேரத்தையும் எவ்வாறு மாற்றியது என்பதை அந்நூல் விரிவாகக் காட்டிற்று. போர்க்-வார்னரின் கியர்த் தொழில் வளர்ந்ததும் இவ்வூரிலேதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டின் வண்டிகளுக்கென்று தன் சொந்த நான்கு கியர்ப் பெட்டியைச் செய்யத் தொடங்கியதும் இவ்வூரிலேதான். அலுமினியக் கூடு கொண்ட அந்தப் பெட்டிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ‘மன்ஸி’ என்று சொன்னால் பழைய வண்டிப் பிரியர்களுக்கு ஊர் நினைவுக்கு வருவதில்லை. பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. 1974 வரை அது வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்தது.

அப்பெட்டி மூன்று வகைப்பட்டது. எம்-20 என்பதில் கியர்களுக்கிடையே இடைவெளி அகலம். எம்-21 என்பதில் இடைவெளி நெருக்கம். எம்-22 என்பதும் நெருக்கமானதே. ஆயினும் அதன் பற்களின் சாய்வு குறைவு. சாய்வு குறைந்தால் தண்டினை முன்னும் பின்னும் தள்ளும் விசை குறையும், பெட்டி உறுதிப்படும். அதே காரணத்தால் ஓசை மிகும். அந்த ஓசையைக் கேட்டு மக்கள் அதற்குப் ‘பாறை நொறுக்கி’ என்று பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். மூன்றிலும் அரிதானது இதுவே. ஆகவே விலையும் இதற்குத்தான் அதிகம். விலை அதிகமான இடத்தில் பொய்யும் அதிகம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, வாங்குபவர் எவ்வாறு சோதிக்கிறார் என்பதைக் காண்போம். இந்தியானா மாநிலத்தில் நடந்த சந்தை ஒன்றில், முதிய மெக்கானிக் ஒருவர் இத்தகைய பெட்டியைச் சோதித்ததை நான் அருகில் இருந்து பார்த்தேன். விற்பவர் அது ‘பாறை நொறுக்கி’ என்று உறுதி கூறிக்கொண்டே இருந்தார். முதியவர் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. முதலில் பக்க மூடியைப் பார்த்தார். மன்ஸிப் பெட்டியின் பக்க மூடியை ஏழு போல்ட்டுகள் பிடித்திருக்கும். போர்க்-வார்னர் பெட்டியின் மூடிக்கு ஒன்பது. ஏழு போல்ட்டு உடைய சாகினா என்ற வேறொரு மலிவான பெட்டியும் உண்டு. ஆனால் அதன் கூடு வார்ப்பிரும்பால் ஆனது. பின்னோக்கு கியரின் நெம்புகோலும் பக்க மூடியிலேயே இருக்கும். மன்ஸியிலோ அது வால்பகுதியில் இருக்கும். இத்தனையும் அவர் ஒரு நொடியில் பார்த்து முடித்தார்.

அடுத்து, கூட்டின் மேல் வார்க்கப்பட்ட எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தார். 3885010 என்று இருந்தால் 1966, 67-ஆம் ஆண்டுகளின் வார்ப்பு. 3925660 என்று இருந்தால் 1968 முதல் 1970 வரையுள்ள வார்ப்பு. அதன்பின் பொறிக்கப்பட்ட நாட்குறியைத் தேடினார். ‘பி 8 ஏ 15’ என்று இருப்பின், மன்ஸித் தொழிற்சாலையில் 1968 ஜனவரி 15-ஆம் நாள் செய்யப்பட்டது என்று பொருள். கூடு ஒரு காலத்தையும் நாட்குறி வேறொரு காலத்தையும் சொல்லுமானால், இரண்டில் ஒன்று பொய்சாட்சி. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் எழுத்தின் வடிவத்தையும் மன்னனின் ஆட்சியாண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போன்ற வேலைதான் இதுவும்.

பின்னர் மூடியைத் திறந்து பற்களை எண்ணினார். 1966-க்குப் பிந்திய எம்-20-இல், எஞ்சினிலிருந்து வரும் தண்டின் சக்கரத்திற்கு 21 பற்கள். அதனோடு இணைந்து சுழலும் கீழ்த்தண்டின் சக்கரத்திற்கு 25. எம்-21, எம்-22 ஆகிய இரண்டிலும் முறையே 26, 27. மூடியைத் திறக்க விற்பவர் இசையாத இடத்தில் வேறொரு வழி உண்டு. முதல் கியரில் நிறுத்தி, வெளித்தண்டில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, முன்தண்டைக் கையால் சுழற்ற வேண்டும். வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன்தண்டு இரண்டரைச் சுற்றுச் சுற்றினால் எம்-20. இரண்டு சுற்றும் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே சுற்றினால் மற்ற இரண்டில் ஒன்று. தண்டின் மேலுள்ள வரிகளும் வகையைக் காட்டும். எம்-20-க்கு இரண்டு, எம்-21-க்கு ஒன்று, எம்-22-க்கு ஒன்றும் இல்லை. ஆனால் வரியை ஒருவர் கடைந்து உண்டாக்கவும் முடியும். பல்லின் எண்ணிக்கையையும் சாய்வையும் அவ்வாறு மாற்ற முடியாது.

அந்த முதியவர் திறந்து பார்த்தபோது பற்களின் எண்ணிக்கை 26, 27 என்றே இருந்தது. ஆனால் சாய்வு மிகுதி. “நல்ல எம்-21” என்று மட்டும் சொன்னார். விற்பவர் மறுமொழி பேசவில்லை. விலை குறைந்தது, பெட்டி கைமாறியது.

வகையை அறிவது பாதி வேலைதான். நலத்தை அறிவது மறுபாதி. வடித்தெடுத்த எண்ணெயில் பொன்னிறத் துகள்கள் மின்னினால், வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் தேய்ந்துள்ளன என்று அறியலாம். அவற்றைப் புதிதாக மாற்றிவிடலாம், கவலை இல்லை. கியரைப் பூட்டும் சிறுபற்களின் முனை கூர்மை இழந்து மழுங்கியிருந்தால், வண்டி ஓடும்போது கியர் தானே நழுவும். இதற்குச் சக்கரத்தையே மாற்ற வேண்டும். கூட்டின் முன்புறத்தில் கீழ்த்தண்டு அமரும் துளை அகன்றுபோயிருந்தால் எண்ணெய் கசியும். பற்கள் நேராகப் பொருந்தா. அலுமினியக் கூட்டில் இக்குறை மிகவும் காணப்படுவது. சரிசெய்யக் கடைசல் பட்டறை வேலை தேவை. பொருத்தும் காதுகளில் வெடிப்போ, ஒட்டவைத்த தழும்போ உள்ளதா என்பதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

பெட்டி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. தானியங்கி வண்டிக்குக் கிளட்ச் மிதி இல்லை. மிதி, அதனைக் கிளட்சோடு இணைக்கும் கம்பிகள், பிளைவீல், அதை மூடும் மணிவடிவக் கூடு ஆகிய யாவற்றையும் தேட வேண்டும். எஞ்சின் தண்டின் கடைசியில் கியர் பெட்டியின் முனை அமரும் சிறு பித்தளைக் குழல் ஒன்று உண்டு. தானியங்கிக்கென்று செய்த சில எஞ்சின்களில் அதற்குரிய துளை சரியாகக் கடையப்பட்டிராது. சிறிய உறுப்புதான், இதைப் பாராமல் எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் பூட்டும் நாளில் வேலை நின்றுவிடும்.

வேறொரு பாதையும் உண்டு. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், நெடுஞ்சாலையில் எஞ்சின் மெதுவாகச் சுழல வேண்டிய தேவை ஏற்பட்டது. 1980-களில் போர்க்-வார்னரின் டி-5 என்ற ஐந்து கியர்ப் பெட்டி பெருவழக்காயிற்று. 1983 முதல் முஸ்டாங் வண்டிகளில் அது இடம்பெற்றது. நீண்ட வழி செல்பவர்கள் பழைய வண்டியிலும் இதனைப் பொருத்துகிறார்கள். பெட்ரோல் மிஞ்சும், இரைச்சல் குறையும். பெரிய எஞ்சினின் விசையை இது தாங்காது என்பது மட்டுமே எச்சரிக்கை. இவ்வாறு, வாங்குபவர் முன் நிற்கும் கேள்வி இரும்பைப் பற்றியது மட்டுமன்று. தம் வண்டியில் எந்தக் காலத்தைப் பொருத்தப் போகிறார் என்பதும் கூட.

இங்கே ஒரு நியாயம் எழுகிறது. தொழிற்சாலையில் தானியங்கியோடு பிறந்த வண்டியில் கைக்கியரைப் பொருத்துவது, சரித்திரத்தைத் திரிப்பதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது என்பது என் கருத்து. பழுது பார்த்தலும் மாற்றி அமைத்தலும் ஒரு பொருளின் வாழ்வில் இயல்பானவை. நம் கோயில்கள் எத்தனை திருப்பணிகளைக் கண்டன! திருப்பணி செய்தவன் தன் ஆண்டைக் கல்லில் எழுதி வைத்தவரையில் அவன் சரித்திரத்திற்குத் துணையே செய்தான். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அறுபதுகளின் பிற்பகுதியில் கியர் பெட்டிகளிலும் அவை பொருத்தப்பட்ட வண்டியின் எண் பொறிக்கப்பட்டு வந்தது. எண் ஒத்திருந்தால் வண்டியின் விலை உயர்கிறது. ஆகவே பழைய எண்ணைத் தேய்த்து அழித்துப் புதிய எண்ணைப் பொறிப்போர் தோன்றினார்கள். அழிக்கப்பட்ட அந்த எண், அப்பெட்டி எந்த வண்டியில் ஓடியது என்பதற்கு எஞ்சியிருந்த ஒரே சாட்சியாக இருக்கலாம். ஒரு வண்டிக்குப் பொய்ப் பிறப்பைத் தருவதற்காக, ஒரு பெட்டியின் உண்மைப் பிறப்பு அழிகிறது. மாற்றிப் பொருத்துதல் குற்றமன்று. மாற்றியதை மறைத்தலே குற்றம்.

மன்ஸி ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கியர்த் தொழிற்சாலை 2006-இலும், போர்க்-வார்னரின் தொழிற்சாலை 2009-இலும் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே பல் வெட்டிய கைகள் வேறு வேலைக்குச் சென்றுவிட்டன. அவர்கள் உழைப்பின் அடையாளமாக இன்று எஞ்சியிருப்பவை, எண்ணெய்ப் பிசுக்கேறிச் சந்தைகளில் கிடக்கும் இந்தப் பெட்டிகளே. பொறித்த நாள் சிதையாமல் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும், ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு தொழிலாளி செய்த வேலைக்குச் சான்று. அதனை வாங்குபவர் விலை கொடுத்துப் பெறுவது நான்கு கியர்களை மட்டுமன்று. அந்தச் சான்றினைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே பெறுகிறார். பல்லைப் பார்த்து வாங்கட்டும். எழுத்தை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.