திருமுழுக்கு வாய்பாடும் திணைப் பாகுபாடும்

புத்தூர் வட்டாரம் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் எல்லைப் பகுதியாகும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. இப்பகுதிக் கிறித்தவரிடையே நீரால் நிகழும் ஒரே சடங்குக்கு வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்ச் சபைகளில் ஞானஸ்நானம் என்னும் சொல் கத்தோலிக்கர்க்கும் சீர்திருத்தச் சபையார்க்கும் பொதுவாக நெடுங்காலம் இருந்துவந்தது. தெலுங்கிலோ கத்தோலிக்கர் 'ஞானஸ்நானமு' என்பர். சீர்திருத்தச் சபையார் கிரேக்கச் சொல்லை ஒலிபெயர்த்துப் 'பாப்திஸ்மமு' என்பர். 1865இல் சூலூர்ப்பேட்டையில் ஆகஸ்ட் மிலியுஸ் தொடங்கிய ஹெர்மான்ஸ்பர்க் லூத்தரன் பணியின் வழிவந்ததும் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டதுமான தென் ஆந்திர லூத்தரன் திருச்சபையும் இவ்வொலிபெயர்ப்பையே ஆள்கிறது. மதுரை மிஷனின் சொல்மரபு புங்கனூர் போன்ற இடங்களில் பணிபுரிந்த 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடக மிஷன் வழியாகத் தெலுங்குக்குச் சென்றதன் தடயமாகவே கத்தோலிக்கர் வழக்கைக் கொள்ளல் தகும்.

ஒலிபெயர்ப்பு என்பது பெரும்பாலும் பூசலைத் தவிர்க்கும் வழியாகும். கிரேக்கத்தில் 'பாப்திட்சோ' என்னும் வினை 'அமிழ்த்து' என்னும் பொருளுடையது. வங்காளம், பர்மியம் ஆகிய மொழிகளில் பாப்டிஸ்டு மொழிபெயர்ப்பாளர் அப்பொருளையே வைத்தனர். தெளித்தலையும் ஊற்றுதலையும் ஏற்ற சபையார் இதனை எதிர்த்தனர். அமெரிக்க வேதாகமச் சங்கம் 1836இல் இத்தகைய மொழிபெயர்ப்புகளுக்குப் பொருளுதவி மறுத்தது. இங்கிலாந்துப் பாப்டிஸ்டுகள் 1840இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். தமிழ் இப்பூசலிலிருந்து பெரிதும் தப்பியதற்கு 'ஸ்நானம்' என்னும் சொல்லே காரணம் எனலாம். நீராடல் என்பது முழுகுதலாகவும் இருக்கலாம். நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளுதலாகவும் இருக்கலாம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்பதைத் தேர்ந்தது. முழுகு என்னும் வினையடி வெளிப்படையாகத் தெரியும் இச்சொல்லைத் தலையில் நீர் ஊற்றும் சபையினர் ஏற்க, முழுக அமிழ்த்தும் சபையினரோ பெரும்பாலும் ஞானஸ்நானத்தையே விடாது பிடித்துள்ளனர் என்பது சுவையான முரண். எனினும் சைவக் கோயில் வழக்கில் திருமுழுக்கு என்பது திருமேனியின் மீது நீர் முதலியன சொரிதலையே குறிக்கும். ஆகவே இத்தேர்வு அத்துணைப் பிழையுடையதன்று.

சடங்கின் பெயரினும் அச்சடங்கில் உரைக்கப்படும் வாய்பாடு மொழியியலார்க்கு மிகுந்த கருத்துக்குரியது. மத்தேயு நற்செய்தியின் இறுதியில் வரும் கட்டளை தந்தை, மகன், ஆவி ஆகிய மூன்றையும் ஒரே 'பெயரின்' கீழ் வைக்கிறது. கடவுள் ஒருவரா, மூவரா, மூவராயிருந்தும் ஒருவரா என்னும் கொள்கை வேறுபாடு அனைத்தும் இத்தொடரில் குவிகிறது. இறைவனைக் குறிக்கும் சொல்லின் வரலாறு பலரும் ஆராய்ந்ததே: 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் 'தம்பிரான்', கத்தோலிக்கர் பின்னர் வழங்கிய 'சர்வேசுரன்', தரங்கம்பாடி லூத்தரன் மரபின் 'பராபரன்', 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் நிலைபெற்ற 'தேவன்', திருவிவிலியத்தின் 'கடவுள்' என அது நீளும். ஆவி என்னும் சொல்லுக்கு நேர்ந்தது அவ்வளவு கவனம் பெறவில்லை.

தொடக்கக் கத்தோலிக்க ஏடுகள் 'இஸ்பிரீத்து சாந்து' எனப் போர்த்துக்கீசியத்தை ஒலிபெயர்த்தன. பொருள் விளங்காவிடினும் இதில் ஒரு நன்மை உண்டு. அயற்பெயராதலின் அதற்குத் தமிழ்த் திணை இல்லை. வினைமுற்றே திணையை வரையறுத்தது. பரிசுத்த ஆவி என மொழிபெயர்த்ததும் நிலை மாறிற்று. ஆவி அஃறிணைச் சொல். 'வந்தது' என்னும் முடிபையே இயல்பாக வேண்டும். கிரேக்க 'நியூமா'வும் நபும்சகலிங்கமே எனினும் அது சொல்லின் இலக்கணப் பால் மட்டுமே. யோவான் நற்செய்தியில் அச்சொல்லையொட்டி ஆண்பாற் சுட்டுப்பெயர் வருமிடமும் உண்டு. சிரிய மொழியில் ஆவி பெண்பால். பழைய சிரிய எழுத்தாளர் பெண்பால் முடிபே கொடுத்தனர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு உரோமையர் திருமுகத்தில் ஆவிக்கு அஃறிணைப் பதிலிடுபெயர் தந்தது. 19ஆம் நூற்றாண்டுத் திருத்தத்தில்தான் அது ஆண்பாலாயிற்று. தமிழில் திணை பொருளைச் சார்ந்தது. 'ஆவி வந்தது' எனின் அது பகுத்தறிவுடைய ஆள் அன்று என்று சொன்னதாகவே முடியும். கிரேக்கன் இலக்கணம் என்று சொல்லித் தப்பும் இடத்தில் தமிழன் கொள்கையை அறிவித்தே ஆகவேண்டும்.

இதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கண்ட தீர்வு 'ஆவியானவர்' என்பது. திருவிவிலியத்தில் 'ஆவியார்' எனச் சுருங்கியது. 'அவர்' ஆண்பாலும் அன்று, பெண்பாலும் அன்று. உயர்திணை என்பதை மட்டும் உணர்த்தும். சிரியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கிட்டாத நடுநிலை இது. தெலுங்கு மொழிபெயர்ப்பும் 'ஆத்மா'வைச் சுட்ட 'ஆயன' என்னும் உயர்வுச் சொல்லைக் கையாள்கிறது. ஆனால் ஆயன ஆண்பாலாதலின் அந்நடுநிலை அங்கில்லை. ஐக்கிய மொழிபெயர்ப்பு எல்லா இடத்தும் ஒரே வடிவத்தை ஆளவில்லை. ஆவி பேசும், ஏவும், அனுப்பும் இடங்களில் ஆவியானவர். ஆவி பெறப்படும், பொழியப்படும் இடங்களில் வெறும் ஆவி. மும்மைக் கொள்கையை மறுப்போர் ஆவியை இறைவனின் ஆற்றல் என்பர். அவர்க்குச் சான்றாவன இவ்விரண்டாம் வகை இடங்கள். இரு தரப்பினரும் ஒரே நூலை வைத்துக்கொண்டு வாதிடுதற்கு இவ்விரட்டை வழக்கே இடந்தருகிறது.

வாய்பாட்டிலேயே 'ஆனவர்' சேர்வதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அங்கு மூன்று பெயர்களும் உம்மை தொக்கு அடுக்கி நிற்க, ஈற்றுப் பெயர் மட்டும் வேற்றுமை ஏற்கிறது. கிரேக்கத்தில் மூன்றும் தனித்தனியே சார்படையும் வேற்றுமையும் பெறும். உயர்திணைப் பெயர்கள் உம்மைத்தொகையாயின் பலர்பால் ஈறு பெறும் என்பது தொல்காப்பிய எச்சவியல் விதி. கபிலபரணர், சேரசோழபாண்டியர் என்பன உரைகாரர் காட்டும் வகை. வாய்பாடு அவ்வீற்றைப் பெற்றிருப்பின் மூவர் என்னும் எண் வெளிப்பட்டிருக்கும். ஈற்றில் நிற்பது அஃறிணைச் சொல்லாதலின் அவ்விதி அங்குச் செல்லவில்லை. ஒருமையான 'நாமம்' என்பதும் இடரின்றிப் பொருந்திற்று. மொழிபெயர்த்தோர் இதனைக் கருதியே செய்தனர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. 'தேவன்' என்னும் ஒருமைப் பெயர் '-ஆர்' என்னும் பலர்பால் வழிவந்த முடிபு கொள்வதும் இத்தகையதே. எபிரேயத்திலோ பன்மை வடிவான 'எலோகிம்' ஒருமை வினை கொள்ளும்.

மும்மையை மறுத்த தமிழ்க் கிறித்தவர் வரலாற்றில் இல்லாதவரல்லர். திருவேங்கடம் என்னும் வேளாளர் இங்கிலாந்து சென்று, வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் கிறித்தவராகி, லின்ட்சே, பிரீஸ்ட்லி ஆகியோரின் நூல்களால் ஒருமைக் கொள்கையினராய்த் திரும்பினார். 1795இல் சென்னையில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கி, 1813இல் புரசைவாக்கத்தில் கோயில் எழுப்பினார். வழிபாடு தமிழில் நடந்தது; அதற்கான நூல்களையும் அவர் தமிழாக்கினார். ஐரோப்பிய மிஷன் எதுவும் அனுப்பாத ஒருவரால் இது நிகழ்ந்தது என்பதை மொழிபெயர்ப்பு வரலாற்றாசிரியர் போதிய அளவு கருதியதில்லை.

கல்கத்தாவிலோ சிக்கல் ஓர் இடைச்சொல்லிலிருந்தே எழுந்தது. பாப்டிஸ்டுப் பணியாளர் வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆடம் ஆகியோர் ராம்மோகன் ராயுடன் நற்செய்திகளை வங்காளத்தில் பெயர்க்கையில், யோவான் முதல் இயலில் வரும் கிரேக்க 'தியா' மகனைப் படைப்பின் கருத்தாவாகக் காட்டுகிறதா, வாயிலாக மட்டும் காட்டுகிறதா என வாதம் மூண்டது. யேட்ஸ் விலகினார், ஆடம் 1821இல் ஒருமைக் கொள்கைக்கு மாறினார். அதே இடத்தில் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'மூலமாய்' என்னும் சொல்லுருபைத் தேர்ந்து வாயிற்பொருளை வைத்தது. திருவிவிலியம் மூன்றாம் வேற்றுமை '-ஆல்' உருபை ஆள்கிறது. அவ்வுருபு கருவிக்கும் உரியது, கருத்தாவுக்கும் உரியது.