வீட்டுத்திரையில் இணையவழித் திரைப்படம் (தென், மத்திய சென்னை)

திரையரங்குக்குப் போகாமல், உரிமை பெற்ற இணையத் தளங்களின் வழியே முழுநீளத் திரைப்படத்தை வீட்டிலேயே பார்ப்பதைச் சென்னைப் பேச்சில் 'ஓடிடியில் பார்ப்பது' என்கிறார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இதன் தேவை கூடுதல். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்க, தாமாகவே வீட்டை நடத்தும் பெரியவர்கள் இங்கே நிறைய. திரைப்படத்தை நன்கு அறிந்த இவர்களில் பலருக்கு ஆப், பாஸ்வேர்டு, ஓடிபி ஆகியவை புதியவை. யாரையும் எதிர்பார்க்காமல் ஒருவர் தம் கையாலேயே ஒரு படத்தைப் போட்டுப் பார்க்க முடிகிறதா என்பதுதான் எந்த ஏற்பாட்டையும் அளக்கும் கோல்.

பின்னணி

இப்பகுதிகளில் நடந்து போகும் தூரத்தில் அரங்குகள் இருந்த காலம் உண்டு. மயிலாப்பூர் லஸ் பக்கம் காமதேனு, மந்தைவெளியில் கபாலி, தியாகராய நகரில் ராஜகுமாரி, அங்கேயே நடிகர் நாகேஷ் கட்டிய நாகேஷ் அரங்கு, அடையாற்றில் ஈராஸ் என்று பேட்டைக்குப் பேட்டை ஒன்று நின்றது. இவை எதுவும் இன்று அரங்காக இல்லை. காமதேனு திருமண மண்டபமாயிற்று. ராயப்பேட்டை சத்யம், தியாகராய நகர் ஏஜிஎஸ் போன்ற பல்திரை வளாகங்கள் இருக்கின்றன. ஆனால் இணையத்தில் முன்பதிவு, போக்குவரத்து நெரிசல், கூடுதல் கட்டணம் மூன்றும் சேர்ந்து, மாலைக்காட்சிக்குத் தனியே நடந்து போய்வந்த எழுபது வயதுக்காரருக்கு அவற்றை எட்டாதவையாக ஆக்கிவிட்டன.

வீட்டுக்குள் படம் வந்த வழி நீண்டது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம், பிறகு வாடகை வீடியோ கேசட், 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவி, பர்மா பஜாரின் திருட்டு விசிடி, அதற்கு எதிர்வினைபோல 2007 வாக்கில் முப்பது ரூபாய் அளவுக்கு இறங்கிய மோசர் பேயர் நிறுவனத்தின் சட்டபூர்வக் குறுந்தகடு என்று அது வளர்ந்தது. இந்த வரிசையில் சென்னைக்கே உரிய நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. கட்டணச் சேனல்களைச் செட்டாப் பாக்ஸ் வழியாக மட்டுமே தரும் ஏற்பாடு 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. மற்ற பெருநகரங்களில் தள்ளிப்போன அந்தத் திட்டம் இங்கேதான் நிலைத்தது. டிவிக்குக் கீழே ஒரு பெட்டி, கையில் இரண்டாவது ரிமோட் என்பதற்குச் சென்னைக் குடும்பங்கள் அப்போதே பழகிவிட்டன.

அரங்கைத் தாண்டி வீட்டுக்கு நேரே படம் கொடுக்கும் முயற்சிகள் முதலில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. 'விஸ்வரூபம்' படத்தை அரங்குக்கு முன்பே டிடிஎச் வழியாக, 1,000 ரூபாய் கட்டணத்தில் காட்டக் கமல்ஹாசன் 2013 ஜனவரியில் திட்டமிட்டார். அரங்கு உரிமையாளர்கள் எதிர்த்ததால் திட்டம் கைவிடப்பட்டது. 2015-இல் சேரன் 'சி2எச்' என்ற பெயரில் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார். இருவரும் காலத்துக்கு முந்திவிட்டார்கள். கொரோனாக் கால அடைப்பு அதே கதவை வேறு விதமாகத் திறந்தது. 2020 மார்ச் நடுவில் மூடிய தமிழ்நாட்டு அரங்குகள் நவம்பர் 10 அன்றுதான் திறந்தன. இடையில் மே 29 அன்று ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' அமேசான் பிரைமில் நேராக வெளியாயிற்று. நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த ஆண்டு ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை', நவம்பரில் 'ஜெய் பீம்' என்று தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட படங்கள் அரங்கைத் தொடாமலே வந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் தென் சென்னையின் பல வீடுகளில் பேரப்பிள்ளை ஒருவர் தாத்தாவின் டிவியில் முதல் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்.

இப்போது அரங்கில் வெளியாகும் தமிழ்ப் படம் ஏறத்தாழ நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவது வழக்கம். 2021 ஜனவரி 13 அன்று அரங்குக்கு வந்த 'மாஸ்டர்' 29-ஆம் தேதியே பிரைமில் வந்தது இன்றைக்கும் விதிவிலக்கே.

எளிய ஏற்பாடு

பார்ப்பவர் கையில் எத்தனை படிகள் மிஞ்சுகின்றன என்பதே முதல் கேள்வி. விலையும் படத்தின் துல்லியமும் அதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே ஸ்மார்ட் டிவி இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்; வைஃபையோடு இணைத்தால் போதும். பழைய டிவியாக இருந்து, பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருந்தால், அதில் செருகும் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற சிறு கருவி அதை ஸ்மார்ட் டிவியாக்கும். சுமார் ஐந்து வயதைத் தாண்டிய ஸ்மார்ட் டிவியில் ஆப்கள் தடுமாறினாலும் டிவியை மாற்ற வேண்டியதில்லை. இதே ஸ்டிக் தீர்வாகும். உஸ்மான் சாலைக் கடைகளிலும் ரிச்சி தெருவிலும் இவை கிடைக்கும்.

கைப்பேசியில் படத்தை ஓட்டி அதை டிவிக்கு அனுப்பும் முறையைப் பலர் எளிது என்று பரிந்துரைக்கிறார்கள். புதியவருக்கு அது எளிதல்ல. நடுவில் ஒரு அழைப்பு வந்தால் படம் நிற்கக்கூடும். நின்ற படத்தை மீண்டும் ஓட்ட இரண்டு கருவிகளையும் தெரிந்திருக்க வேண்டும். மடிக்கணினியைக் கேபிளால் இணைப்பதும் அப்படித்தான். ஒரே ரிமோட், அதில் குரல்தேடலுக்கான மைக் பொத்தான், முதல் திரையில் இரண்டோ மூன்றோ ஆப்கள் மட்டும், மற்ற எல்லாம் நீக்கப்பட்ட நிலை: பெரியவர் ஒருவருக்கு அமைத்துத் தர இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

மைக் பொத்தானைத் தனியே வலியுறுத்த வேண்டும். பெரும்பாலான ஆப்களில் தமிழ்ப் படப்பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. ஒரே பெயரைப் பத்து விதமாக எழுத்துக்கூட்டலாம் என்பதால் ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுபவர் பாதியிலேயே சலித்துவிடுகிறார். யூடியூபில் தமிழிலேயே பெயரைச் சொல்லித் தேடலாம்.

இணைப்பு

உயர்தெளிவுப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் போதுமானது. 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். ஏசிடி, ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் ஆகியவற்றின் வீட்டு ஃபைபர் இணைப்புகளில் மிகக் குறைந்த திட்டமே இதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் ரூட்டர் இருக்கும் இடத்தைப் பார்ப்பது நல்லது. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சுவர்கள் தடித்தவை. வாசல் திண்ணைப் பக்கம் ரூட்டரும் உள்ளறையில் டிவியும் இருந்தால் எந்தத் திட்டமும் உதவாது. ரூட்டரை டிவி இருக்கும் கூடத்துக்கே மாற்றலாம். இயலாவிட்டால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடலாம்.

கைப்பேசி டேட்டாவை நம்பிப் படம் பார்ப்பவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். உயர்தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு ஏழரை ஜிபி வரை ஆகலாம். நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் அது நடக்காது. தரத்தைக் குறைத்து வைத்தால் சிறுதிரையில் ஓரளவு சமாளிக்கலாம்.

எந்தத் தளம்

பணம் கட்டுவதில் தயக்கம் உள்ளவர் யூடியூபிலிருந்து தொடங்கலாம். பழைய படங்களின் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை முழுமையாக அங்கே வெளியிட்டிருக்கின்றன. சிவாஜி, ஜெமினி காலத்துப் படங்களைத் தேடுபவருக்கு இதுவே பெரும் நூலகம். விளம்பரம் இடையே வரும், கணக்குத் தேவையில்லை. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளத்திலும் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

சந்தாத் தளங்களில் 2017-இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட் தமிழையே முதன்மையாகக் கொண்டது; 2022-இல் ஆஹா தமிழுக்கு வந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் டிசம்பரில் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்கு வந்தன. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரி 14 அன்று இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. எல்லாவற்றையும் வாங்குவது வீண் செலவு. வாங்கும் முன் ஃபைபர் பில்லைப் பார்க்க வேண்டும்: பல திட்டங்களில் சில ஆப்களின் சந்தா ஏற்கெனவே சேர்ந்திருக்கும், பலருக்கு அது தெரிவதே இல்லை. ஒரே ஒரு படம் போதும் என்பவருக்குப் பிரைமில் வாடகை முறை உண்டு. பணம் கட்டியபின் 30 நாளுக்குள் தொடங்கி, தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளையின் கணக்கில் பார்ப்பது இப்பகுதி வீடுகளில் பரவலாக இருந்த வழக்கம். 2023 ஜூலை முதல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கை ஒரே வீட்டாருக்கு மட்டும் என்று சுருக்கியதால் அது குலைந்தது. அதற்கு முன்பும் நியூஜெர்சியில் தெரிந்த படம் அடையாற்றில் தெரியாமல் போனதுண்டு. பார்க்கும் நாட்டில் உரிமை இருந்தால்தான் படம் தெரியும். அதே காரணத்தால், அயலகத் தமிழருக்காக மட்டும் நடத்தப்படும் தளங்களை இங்கிருந்து பார்க்க முடியாது. பெற்றோர் பெயரிலேயே இந்தியக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஆண்டுச் சந்தா உள்ள தளங்களில் அதைப் பிள்ளை கட்டிவிடுவது நேரான வழி. மாதாமாதம் ஓடிபி வந்து பெரியவர் பதறுவதையும் அது தவிர்க்கும்.

பணமும் பாதுகாப்பும்

2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கப்படும் சந்தாத் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். தொகை போகும் முன் வேண்டாத சந்தாவை நிறுத்த அந்த ஒரு நாளே கடைசி வாய்ப்பு. 'உங்கள் கணக்கு நின்றுவிட்டது, இந்த இணைப்பைத் தொடுங்கள்' என்று வரும் குறுஞ்செய்தியை நம்பக் கூடாது. ஆப் வேலை செய்யவில்லை என்று இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்கு அழைத்து, அவர் சொன்ன திரைப்பகிர்வு ஆப்பை ஏற்றி வங்கிக் கணக்கை இழந்தவர்கள் உண்டு. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிப் போகிறது.

திருட்டுத் தளங்கள் இலவசம் என்பதால் எளியவைபோலத் தோன்றும். நடைமுறையில் புதியவருக்கு அவையே மிகக் கடினமானவை, ஆபத்தானவையும்கூட: பொய்யான பொத்தான்கள், ஒன்றன்மேல் ஒன்றாகத் திறக்கும் பக்கங்கள், கைப்பேசிக்குள் இறங்கும் வேவு ஆப்கள். தமிழ்நாடு 2004-லேயே வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், படத்தை உரிமையின்றிப் பதிவுசெய்வோருக்கும் பரப்புவோருக்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவின் ஐந்து சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நாள்கூலிக்கு உழைக்கும் லைட்மேனின் அடுத்த படம், திருட்டால் குறையும் இன்றைய படத்தின் வரவைப் பொறுத்தது.

செவிக் குறையும் வசன எழுத்தும்

முதியோருக்காக எழுதப்படும் வழிகாட்டிகளில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இது. இன்றைய படங்களில் பின்னணி இசை வசனத்தை மூழ்கடிக்கிறது. டிவியின் மெல்லிய ஒலிபெருக்கி அதை மேலும் மோசமாக்குகிறது. டிவியின் ஒலி அமைப்பில் 'குரல்' அல்லது 'வசனம்' என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கி வைப்பது உடனடிப் பலன் தரும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இன்னும் நல்லது. வீட்டில் மற்றவர்கள் தூங்கவும் முடியும்.

வசன எழுத்தைப் பொறுத்தவரை நிலைமை வருத்தத்துக்குரியது. ஓடிடியில் வரும் தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில வசன எழுத்துத்தான் கிடைக்கிறது. காது மந்தமான, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டிக்கு அது உதவாது. தளங்கள் தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே வசன எழுத்துத் தர வேண்டும். பிற மொழி எழுத்துகளுக்கு உழைப்பவர்கள் இதற்கும் உழைக்கலாம். தமிழ் எழுத்து இருக்கும் படங்களில், படம் ஓடும்போது ரிமோட்டின் மேல் அல்லது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பொதுவாக 'ஆடியோ, சப்டைட்டில்' பட்டியல் வரும். அங்கே தமிழைத் தேர்ந்து, எழுத்தளவை மாற்றும் வசதி இருந்தால் அதையும் பெரிதாக்கிவிடலாம்.